தீயணைப்பு வேலைக்கு ஒரு மாப்பிள்ளை விசாரணை

கனடாவுக்கு வந்த புதிதில் நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் காய்கறிப் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு நாள் மாலை வெங்காயம் அடுக்கிக்கொண்டிருக்கும்போது, கண்ணாடிச் சுவருக்கு வெளியே செக்கச்செவேல் என்று ஒரு தீயணைப்பு வண்டி வந்து நின்றது. முழங்கால் வரை பூட்ஸ் போட்ட நான்கு பேர் இறங்கிக் கடைக்குள் நுழைந்தார்கள். உத்திரமேரூர்க்காரன் வேறென்ன செய்வான்? கையிலிருந்த வெங்காயத்தைப் போட்டுவிட்டு, பக்கத்தில் தக்காளியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாளின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அந்த அம்மாள் என்னைத் திருடன் என்று நினைத்துக் கைப்பையால் இரண்டு போடு போட்டார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால், அந்த நான்கு பேரும் ஒரு தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு கோழிக்கறி இருக்கும் பக்கமாக நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் மூச்சிரைக்க அருகில் போய், நெருப்பு எங்கே என்று கேட்டேன். அவர்களில் மீசை வைத்திருந்தவர் கொஞ்சம் யோசித்து, "இன்னும் பற்றவைக்கவில்லை. முதலில் கறி வாங்க வேண்டாமா?" என்றார்.

பிறகுதான் விளங்கியது. இங்கே தீயணைப்பு நிலையத்தில் அவர்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். கடைக்கு வரும் நேரத்தில் அழைப்பு வந்தால் அப்படியே ஓட வேண்டும் என்பதால், அரைக் கிலோ குடைமிளகாய் வாங்குவதற்கும் அத்தனை பெரிய வண்டியில் குடும்பம் போல நாலு பேருமாக வருகிறார்கள். எங்கள் ஊரில் நான் தீயணைப்பு வண்டியை இரண்டே முறைதான் பார்த்திருந்தேன். ஒன்று, கோயில் கும்பாபிஷேகத்தில் கூட்டத்தின் மேல் தண்ணீர் பீய்ச்ச வந்தது. இன்னொன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மீசைக்காரர் வாராவாரம் வருவார், என்னைக் கண்டால், "பாட்டியைக் காப்பாற்றியாகிவிட்டதா?" என்று கேட்பார். நாலு வருஷம் கழித்தும் நான் அதே வெங்காயத்தோடு நிற்பதைப் பார்த்து ஒரு நாள் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் திணித்தார். நகரத் தீயணைப்புத் துறைக்கு ஆள் எடுக்கிறார்களாம். "நெருப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே மனுஷியைப் பிடித்து வெளியே இழுத்தவன் நீ. எழுதிப் போடு" என்றார்.

நான் எழுதிப் போட்டேன். காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரும்போடு மல்லுக்கட்டியவன். புள்ளிகள் போட்டு ஆளை எடுக்கும் கனடாக் குடியேற்றத் திட்டத்தில் தேறி விமானம் ஏறியவன். இங்கே வந்த பிறகு யாருக்கும் என் டிப்ளமோவும் வேண்டாம், இரும்பும் வேண்டாம். முப்பது வயதில் ஒரு வெங்காயத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான மதிப்போடுதான் நடமாடிக்கொண்டிருந்தேன். ஆபத்து என்றால் நாலு பேர் என்னைக் கூப்பிட வேண்டும் என்ற ஆசை எனக்குள் தீயாகவே இருந்தது. அந்த வேலை கிடைக்காவிட்டால் நான் இங்கே வந்ததே வீண் என்று நம்பத் தொடங்கிவிட்டேன்.

உடல் தகுதித் தேர்வை நான் ஊதித் தள்ளினேன். கழனி வேலை செய்தே வளர்ந்த கூட்டம் நாங்கள். களத்துமேட்டிலிருந்து நெல் மூட்டையைத் தலைக்கு ஏற்றி வரப்பில் நடந்தவனுக்குத் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதெல்லாம் ஒரு வேலையா? கடைசியாக ஒரு பொம்மையைக் கொடுத்தார்கள். மயங்கிக் கிடக்கும் ஆளாம், எண்பது கிலோ. மற்றவர்கள் அதன் அக்குளுக்குள் கைவிட்டு, பின்பக்கமாக நடந்து இழுத்துக்கொண்டு போனார்கள். நான் குனிந்து, ஒரு உதறு உதறி, பொம்மையைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு, இடுப்பில் ஒரு கை வைத்தபடி ஒரே ஓட்டமாக ஓடிக் கோட்டைத் தாண்டித் தொப்பென்று போட்டேன். தேர்வாளர் ஓடிவந்து பொம்மையின் தலையைத் தடவிப் பார்த்தார். "நேரம் பிரமாதம். ஆனால் இவரை நீங்கள் கொன்றுவிட்டீர்கள்" என்றார். இரண்டாவது வாய்ப்பில் மெதுவாகப் படுக்க வைத்தேன்.

அடுத்து வந்தது நாற்பது பக்கப் படிவம். எங்கள் ஊர்க் கோயில் மண்டபச் சுவரில், சபைக்குப் போட்டியிட யார் தகுதியானவர் என்று சோழர் காலத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்று அது பாட்டுக்குப் போகும். காலனியில் பிறந்த எங்கள் பரம்பரையில் ஒருவரும் அந்தச் சுவரின் முதல் வரியையே தாண்டியிருக்க முடியாது. இந்த நாட்டுப் படிவம் நிலம் கேட்கவில்லை, குலம் கேட்கவில்லை, வேதமும் கேட்கவில்லை. எழுதுவதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று மட்டும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போட்டிருந்தது. அந்த ஒன்றில்தான் நான் கோட்டை விட்டேன்.

இருபத்தேழாம் பக்கத்தில் ஒரு கேள்வி: ஆபத்தான நேரத்தில் நீங்கள் துணிந்து செயல்பட்ட ஒரு நிகழ்ச்சியை விவரிக்கவும். என் வாழ்க்கையில் அப்படி ஒன்றுதான் உண்டு. பத்தொன்பது வயதில், லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த சமயம். சித்திரை வெயில், உச்சிப்பொழுது, ஆண்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். நாலு வீடு தள்ளி முனியம்மா அக்காவின் கூரை பற்றிக்கொண்டது. அக்காவுக்கு அப்போது கைக்குழந்தை. வாசலில் நின்று பார்த்தால் உள்ளே தூளி தொங்குகிறது. கனமாக, லேசாக ஆடிக்கொண்டு. அந்தத் தூளியில் அந்தக் குழந்தை தூங்குவதைத் தினமும் பார்ப்பவன் நான். தொட்டியோரம் கிடந்த ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன். தூளியை அறுத்து மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பும்போது ஒரு மூங்கில் எரிந்து என் இடது கையில் விழுந்தது. வெளியே வந்து, வேப்பமரத்து நிழலில், பூவைப் போலத் தரையில் இறக்கித் துணியை விலக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றரை மரக்கால் விதை மல்லாட்டை இருந்தது. மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை.

அன்று அக்கா குழந்தைக்குத் தடுப்பூசி போடப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வீட்டில் எலித் தொல்லை. தூளி சும்மாதானே தொங்குகிறது, எலி ஏறாது என்று விதையை அதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அலறிக்கொண்டு ஓடிவந்தவள், இடுப்பில் குழந்தையோடு என் முன்னால் நின்று, "இன்னாடா சாமு, மல்லாட்டைக்கா உள்ள பூந்த?" என்று கேட்டாள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. பிறகு தீயணைப்பு வண்டி வந்து சாம்பலை நன்றாக நனைத்துவிட்டுப் போனது. நான் சொன்ன இரண்டாவது முறை அதுதான். மல்லாட்டை பாதி வறுபட்டிருந்தது. விதைக்கு ஆகாது என்று ஆன பிறகு என்ன செய்வது, அன்று சாயங்காலம் காலனியே உட்கார்ந்து தின்றது. கையில் மருந்து போட்டுக்கொண்டு நானும் நாலு தின்றேன். அதற்குப் பிறகு சாமுவேல் என்ற என் ஞானஸ்நானப் பெயர் சர்ச் பதிவேட்டிலும் நெருங்கிய நாலு பேர் வாயிலும் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு நான் மல்லாட்டை.

இதை முதலில் அப்படியே எழுதினேன். எழுதிவிட்டு ஆங்கிலத்தில் படித்துப் பார்த்தேன். எரியும் வீட்டுக்குள் புகுந்து ஒரு மூட்டை வேர்க்கடலையைக் காப்பாற்றினேன் என்று இருந்தது. படிக்கப் படிக்க அவமானமாக இருந்தது. பதினொரு வருஷமாக ஊர் சிரித்தது போதாதா, கடல் தாண்டி வந்து இவர்களிடமும் சிரிப்பு வாங்க வேண்டுமா? ஒரு தேசத்திலாவது அந்தத் தூளியில் குழந்தை இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். வேர்க்கடலையை அடித்துவிட்டுக் குழந்தை என்று எழுதினேன். ஒரு சொல்தானே. கையில் தழும்பு நிஜமாகவே இருக்கிறதே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கடைசிப் பக்கத்தில், என்னை நெடுநாளாக அறிந்த, உறவினர் அல்லாத மூவரின் பெயரைக் கேட்டிருந்தார்கள். ஒருவர் காதர் பாய். உத்திரமேரூர் பேருந்து நிலையத்தருகே மளிகைக் கடையும் எஸ்டிடி பூத்தும் வைத்திருப்பவர். படிக்கும் காலத்தில் அவர் கடையில் பருப்புப் பொட்டலம் கட்டியிருக்கிறேன். இரண்டாமவர் எங்கள் சர்ச் பாஸ்டர். மூன்றாவது, தீ விபத்துக்குச் சாட்சியாக, முனியம்மா அக்கா. மூவருக்கும் தொலைபேசி பாய் கடையில்தான். விசாரணை அதிகாரி கெல்லர் என்று ஒருவர். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு பேசுவார் என்றார்கள். ஊருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமா என்று யோசித்தேன். சொன்னால் ஜோடித்தது போல ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு நாளாவது நான் நேர்மையாக நடந்திருக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் அம்மா பாய் கடைக்கு வந்து உட்கார்ந்திருப்பாள். நான் இங்கிருந்து கூப்பிடுவேன். அந்த ஞாயிறு அம்மாவின் குரலில் அப்படி ஒரு குழைவு.

"இன்னா நைனா, எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லாமயே பொண்ணு பாத்துக்கினியா? நல்ல எடமாத்தான் தெரியுது. ரொம்ப தீர விசாரிக்கிறாங்கோ."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு பாய் விளக்கினார். "ஒரு பொம்பள பேசிச்சிடா. தமிழுதான், ஆனா ஒரு தினுசா கீது. மொதல்ல மலையாளமோன்னு பார்த்தேன். அப்புறம் சிலோன்னு புரிஞ்சிக்கினேன். ஏதோ ஆபீஸு பேரு சொல்லிச்சி, அது ஒண்ணும் வெளங்கல. பையன் குடிப்பாரோ, கோவக்காரரோ, கடன் கிடன் இருக்கோ, போலீஸ் கேஸ் இருக்கோ, பொம்பளைங்ககிட்ட எப்படி நடந்துப்பார், எல்லாம் கேட்டுச்சி. நாங்க மூணு பேரும் உன்ன வுட்டுக் குடுப்பமா? ஜமாய்ச்சிட்டோம், நீ ஒண்ணும் பேஜாராவாத."

கெல்லரின் விசாரணையைத்தான் பெண் வீட்டு விசாரணை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் அவர்கள்மேல் தப்பே இல்லை. எங்கள் பக்கத்தில் முப்பது வயது ஆண்பிள்ளை குடிப்பானா, கோபப்படுவானா என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேலை கொடுக்கிறவன் எவனாவது இதையெல்லாம் கேட்பானா? பெண் கொடுக்கிறவன்தான் கேட்பான். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதும் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை என்று பெரியவர்கள் சும்மாவா சொல்லி வைத்தார்கள்? அதிலும் கேட்டது ஒரு பெண் குரல்; கனடாவிலிருந்து; மரியாதையான தமிழில். எங்கள் ஆட்கள் கணக்குப் பார்க்காமல் அள்ளி வீசிவிட்டார்கள்.

என்ன வீசினார்கள் என்பதை அடுத்த வாரம் கெல்லர் படித்துக் காட்டினார். அறையில் அவரும் நானும், மேசைமேல் என் கோப்பும். காதர் பாய் சொன்னபடி எனக்கு ஏரிப் பாய்ச்சலில் மூன்று ஏக்கர் நஞ்சை இருந்தது. உயரம் இரண்டு அங்குலம் கூடியிருந்தது. பாஸ்டர் சொன்னபடி நான் மரம் ஏற மாட்டேன், கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டேன், ஆபத்து இருக்கும் திசையில் தலை வைத்துப் படுக்க மாட்டேன். முனியம்மா அக்கா சொன்னபடி நான் நெருப்புப் பக்கமே போகாதவன். குளிக்க வெந்நீர்கூட அம்மாதான் வைத்துக் கொடுப்பாள். இப்படிப்பட்ட ஆளைத் தீயணைப்புத் துறைக்கு எடுப்பது எப்படி என்று கெல்லர் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய கேள்வி அவரிடம் இருந்தது.

"தீ விபத்தைப் பற்றியும் கேட்டோம். மூன்று பேரும் அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்கிறார்கள். உங்கள் உடம்பில் ஒரு மச்சம்கூட இல்லை என்கிறார் மதகுரு. அந்தப் பெண்மணி தன் வீடு எரியவேயில்லை என்கிறார்" என்றார். நான் சட்டைக் கையை மேலே சுருட்டித் தழும்பைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தழும்பு இருக்கிறது. அது எதனால் வந்தது என்பதற்கு உங்கள் வார்த்தை மட்டும்தான் இருக்கிறது" என்றார். விண்ணப்பத்தில் பொய் என்று முடிவானால் கோப்பை மூடிவிடுவார்களாம். நான் எங்கள் ஊர்க் கல்யாண விசாரணை முறையை எடுத்துச் சொன்னேன். மாப்பிள்ளைக்குத் தீக்காயம் என்றால் பெண் வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள், அதனால் மறைத்திருக்கிறார்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்களுக்குத் திருமணமா? வாழ்த்துக்கள்" என்றார். திருமணம் இல்லை என்று புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில், மறுபடி ஒரு முறை கூப்பிட்டுக் கேட்பதாகவும், அடுத்த வாரம் குழு முன்னால் நான் வர வேண்டும் என்றும் சொன்னார்.

வெளியே வந்து பனியில் நின்றபோதுதான் என் நிலைமை எனக்கே உறைத்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஊர்க்காரர்கள் தீயே இல்லை என்று சாதித்தால் நான் பொய்யன். மனம் மாறி உண்மையைச் சொன்னால், குழந்தைக்குப் பதில் வேர்க்கடலை வெளியே வரும். அப்போதும் நான் பொய்யன். தீயும் இருக்க வேண்டும், தழும்பும் இருக்க வேண்டும், தூளியில் குழந்தையும் இருக்க வேண்டும். பாயைக் கூப்பிட்டேன். இது கல்யாணம் இல்லை, வேலை என்று அவருக்கு விளங்கவைக்கவே போன் கார்டில் பாதி தீர்ந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, முனியம்மா அக்காவிடம் தூளியில் குழந்தை இருந்ததாகச் சொல்லச் சொல்லுங்கள் என்றேன்.

"டேய் சாமு," என்றார் பாய். "கல்யாணத்துக்குப் பொய் சொல்லலாம்டா. ரெண்டு குடும்பம் சேர்றதுக்குன்னு சொல்றது, அல்லா மன்னிப்பார். உத்தியோகத்துக்குப் பொய் சொன்னா, நீ சாப்புடுற சோறே ஹராமாயிடும். அத நான் பண்ண மாட்டேன். அந்தம்மாவையும் பண்ண வுட மாட்டேன்."

"பாய், இத வுட்டா எனக்கு வேற வழியில்ல."

"அப்ப நெசத்தச் சொல்லிட்டு வழியில்லாம நில்லு. கடைக்கு ஆளுங்க வந்துட்டாங்கோ, வெக்கிறேன்."

எனக்கு இல்லாத மூன்று ஏக்கரை வாய் கூசாமல் வாங்கிக் கொடுத்த மனிதர், ஒரு குழந்தையைத் தூளியில் போட மறுத்துவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாததுதான் இன்னும் கோபம்.

குழு என்பது மூன்று பேர்: கெல்லர், ஒரு பெண் அதிகாரி, இன்னொருவர் தலைமுடி முழுக்க வெளுத்தவர். மூலையில் மொழிபெயர்ப்பாளர் பவானி அம்மாளும் இருந்தார்; ஊரில் மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்த அந்தச் சிலோன் குரலுக்குச் சொந்தக்காரர். கெல்லர் கோப்பைத் திறப்பதற்கு முன்பே நான் வாயைத் திறந்துவிட்டேன். அந்தத் தூளியில் குழந்தை இல்லை, வேர்க்கடலைதான் இருந்தது, வெட்கத்தால் மாற்றி எழுதினேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். இதை என் நேர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். எப்படியும் பாய் போட்டு உடைத்திருப்பார் என்ற பயம்தான் பாதி. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பழகிய இடம் போல இருந்திருக்கும். கெல்லர், மறுபடி ஊருக்குக் கூப்பிட்டபோது பதிவு செய்த ஒரு டேப்பை ஓட விட்டார். அந்தக் குளிர்ந்த அறையில், பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, முனியம்மா அக்கா பேசினாள்.

"இதோ பாரும்மா. உத்தியோகம்னு பாய் சொல்றாரு. நான் நம்பல. எது எப்படியோ, மறச்சது எங்க தப்பு. வூடு எரிஞ்சிது, நெசம்தான். அவன் கை வெந்துது, அதுவும் நெசம்தான். தூளியில புள்ள இல்ல, மல்லாட்டதான் இருந்துது. ஆனா அது எனக்குத் தெரியும். அவனுக்கு இன்னா தெரியும்? புள்ள கீதுன்னுதான உள்ள பூந்தான். ஊரே சிரிச்சிது. நானும்தான் சிரிச்சிக்கினு இருந்தேன். ஒண்ணு மட்டும் சொல்றேன் கேட்டுக்க. அன்னிக்கி என் பொண்ணு அந்தத் தூளியில இருந்திருந்தா, இன்னிக்கி அவ உசுரோட இருப்பா. அவ்ளோதான். பொண்ணு குடுக்கறதுன்னா குடுங்க. இல்லன்னா வுடுங்க."

பவானி அம்மாள் தொழில் தர்மப்படி ஒரு வரி விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். கடைசி வரியில் அந்தப் பெண் அதிகாரி, "எந்தப் பெண்?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். பதினொரு வருஷத்தில் அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, எவளோ ஒரு பெண்ணின் வீட்டாரிடம் எனக்காகக் கெஞ்சும்போது சொல்லியிருக்கிறாள். வெளுத்த தலைக்காரர் ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். வெளியே வரும்போது பவானி அம்மாள் என் பின்னாலேயே வந்து, "தம்பி, உண்மையா இன்னும் கலியாணம் முடிக்கேல்லையோ? எனக்குத் தெரிஞ்ச இடத்தில ஒரு பிள்ளை இருக்கு" என்றார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. விண்ணப்பத்தில் உண்மைக்கு மாறான தகவல் இருந்ததால் இந்த ஆண்டு நிராகரிக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். கோப்பை அடியோடு மூடாமல் விட்டதே பெரிது என்றார் மீசைக்காரர். இன்னொரு வருஷம் வெங்காயம் அடுக்கினேன். அடுத்த படிவத்தின் இருபத்தேழாம் பக்கத்தில் வேர்க்கடலையை வேர்க்கடலை என்றே எழுதினேன். எவ்வளவு இருந்தது, பாதி வறுபட்டது, யார் யார் தின்றோம் என்பது வரைக்கும். எடுத்துக்கொண்டார்கள்.

வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போனேன். சாம்பல் நிறத் தார்ச்சாலையில் ஆட்டோ காலனிக்குள் திரும்பியதுமே பின்னால் ஒரு குரல் மல்லாட்டை என்று கூப்பிட்டது. நான் திரும்பிப் பார்த்துத் தொலைத்தேன். சாயங்காலம் முனியம்மா அக்கா வீட்டுக்கு வந்தாள். மகள் பத்தாவது படிக்கிறாளாம். கூடவே அழைத்து வந்திருந்தாள். அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்க எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது. அக்கா உட்காராமலே, "நான் உள்ளதச் சொன்னதாலதான அந்தப் பொண்ணு வூட்டுக்காரங்க வேணாம்னுட்டாங்க?" என்று கேட்டாள். மூன்று வருஷமாக அதை மனசில் போட்டு வைத்திருந்திருக்கிறாள். சர்ச்சுக்குப் போகாதவள், எனக்காக மாதா கோயிலில் மெழுகுவத்திகூட ஏற்றினாளாம்.

"இல்லக்கா. எடுத்துக்கினாங்க. நீ சொன்னதாலதான் எடுத்துக்கினாங்க" என்றேன்.

"அப்ப எங்க பொண்ணு?"

பேசி விளங்கவைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். பெட்டியிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் நிலையத்து வாசலில், வண்டிக்கு முன்னால், என் குழுவோடு எடுத்துக்கொண்டது. எட்டுப் பேர், ஒரே மாதிரி அங்கி, ஒரே மாதிரி தலைக்கவசம், கண்ணாடியைக் கீழே இறக்கி முகம் தெரியாமல். அக்கா படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொருவராக விரல் வைத்துப் பார்த்தாள். கல்யாணப் போட்டோவைப் பார்க்கிற அக்கறையோடுதான் பார்த்தாள்.

"எல்லாரும் ஒண்ணாட்டம் கீறாங்களே சாமு," என்றாள். "இதுல நம்ம பக்கம் யாரு, பொண்ணு பக்கம் யாரு?"

நான் குனிந்து பார்த்தேன். அந்த எட்டுப் பேரில் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.